பாங்காக்கில் கார்டைச் செருகினால் உங்கள் கணக்கில் என்ன நடக்கிறது?

சேலத்திலிருந்து ஒரு குடும்பம் தாய்லாந்துக்கோ மலேசியாவுக்கோ கிளம்புகிறது என்றால், டிக்கெட் போட்ட நாளிலிருந்தே ஆலோசனைகள் வந்து குவியும். "ஏடிஎம் பக்கமே போயிடாதீங்க, உருவிடுவான்" என்பார் ஒருவர். "இங்க பணம் மாத்தறதெல்லாம் எதுக்குங்க, அங்க போய் கார்டைப் போட்டு எடுத்துக்கலாம், அதுதான் மலிவு" என்பார் இன்னொருவர். மூன்றாமவர் போன வருஷம் போய் வந்தவர். அவர் கணக்கில் எவ்வளவு பிடித்தார்கள், எதற்குப் பிடித்தார்கள் என்று கேட்டால் தெரியாது. "நிறைய பிடிச்சுட்டாங்க" என்பது மட்டும் உறுதியாகத் தெரியும்.

மூவர் பேச்சிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. 'ஏடிஎம் சார்ஜ்' என்ற ஒரே பெயருக்குள் நாலைந்து தனித்தனிப் பிடித்தங்களைப் போட்டு மூடிவிடுவதால்தான் குழப்பம். ஒன்றை மெஷினின் சொந்தக்காரர் எடுக்கிறார். ஒன்றை நம் வங்கி எடுக்கிறது. ஒன்று வரியாகப் போகிறது. இன்னொன்றை யாரும் எடுப்பதில்லை, நாமே திரையில் விரலை வைத்துக் கொடுத்துவிட்டு வருகிறோம். கடைசியில் சொன்னதுதான் இருப்பதிலேயே வீண் செலவு. அது புரிய வேண்டுமானால் ஏடிஎம் எப்படி வேலை செய்கிறது என்று முதலில் பார்த்துவிட வேண்டும்.

ஐந்து ரோட்டிலிருந்து தொடங்குவோம்

உங்கள் கணக்கு ஒரு வங்கியில் இருக்கிறது. சேலம் ஐந்து ரோட்டில் அவசரத்துக்கு வேறொரு வங்கியின் ஏடிஎம்முக்குள் நுழைந்து 5,000 ரூபாய் எடுக்கிறீர்கள். மெஷினுக்குள் இருந்த நோட்டு உங்கள் வங்கியுடையது அல்ல, அந்த வேறு வங்கியுடையது. உங்கள் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. உங்கள் வங்கியைக் கேட்டுவிட்டுத்தான் கொடுக்கிறது.

கேட்கிற வழிக்கு நேஷனல் ஃபைனான்ஷியல் சுவிட்ச் என்று பெயர். 2004-ல் தொடங்கியது. 2009 டிசம்பரிலிருந்து என்பிசிஐ நடத்துகிறது, யுபிஐயை நடத்துகிற அதே நிறுவனம்தான். எந்த வங்கியின் மெஷினில் எந்த வங்கியின் கார்டைப் போட்டாலும், கேள்வி இந்தச் சுவிட்ச் வழியாகக் கார்டைக் கொடுத்த வங்கிக்குப் போய், பதில் திரும்பி வருகிறது.

நோட்டை நிரப்பி, மெஷினைக் குளிரூட்டி, வாடகை கட்டி வைத்திருக்கும் வங்கி இதைச் சும்மா செய்யாது. நீங்கள் ஒவ்வொரு தடவை எடுக்கும்போதும் உங்கள் வங்கி அதற்கு 19 ரூபாய் கொடுக்கிறது. 2025 மே மாதத்திலிருந்து இதுதான் தொகை. இப்படி வங்கிக்கு வங்கி கொடுத்துக்கொள்ளும் கூலிக்கு இன்டர்சேஞ்ச் என்று பெயர். இது நம் கண்ணில் படுவதில்லை. காரணம், மற்ற வங்கி மெஷின்களில் சேலம் போன்ற ஊர்களில் மாதம் 5 தடவையும், சென்னை, பெங்களூரு போன்ற பெருநகரங்களில் 3 தடவையும் நமக்கு இலவசம். அதைத் தாண்டினால் தடவைக்கு 23 ரூபாய் வரை, வரி தனி. சம்பளம் வந்ததும் இரண்டு தடவை, மாதக் கடைசியில் ஒரு தடவை என்று எடுப்பவருக்கு அந்த எல்லை வருவதே இல்லை. 'ஏடிஎம் என்றால் செலவில்லை' என்ற நினைப்பு நமக்குள் இப்படித்தான் ஊறிப்போனது. அந்த நினைப்போடு விமானம் ஏறினால்தான் தொல்லை.

லீ பஜார் கணக்கு

இதை இன்னும் பழைய ஒரு பழக்கத்தோடு வைத்துப் பார்க்கலாம். சேலம் லீ பஜாரில் மண்டி வைத்திருப்பவரின் மகன் மதுரைக்குப் போன இடத்தில் கையில் பணம் தீர்ந்துவிட்டது. அப்பா மதுரையில் தெரிந்த கடைக்காரரைப் போனில் பிடிக்கிறார். "அண்ணா, பையன் அங்க வர்றானுங்க, ஒரு அஞ்சாயிரம் குடுத்து அனுப்புங்க, நம்ம கணக்குல எழுதிக்கங்க." மதுரைக்காரர் தன் கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுக்கிறார். சேலத்திலிருந்து ஒரு நோட்டும் மதுரைக்குப் போகவில்லை. அடுத்த சரக்குக் கணக்கு முடிக்கும்போது ஐயாயிரத்தைக் கழித்துக்கொள்வார்கள். இருவருக்கும் நேர்ப் பழக்கம் இல்லையென்றால், இருவரையும் அறிந்த ஒரு தரகர் நடுவில் நின்று "நான் சொல்றேன், குடுங்க" என்பார். அவருக்குக் கமிஷன்.

ஏடிஎம்மில் நடப்பதும் அச்சு அசல் இதுதான். அப்பா உங்கள் வங்கி. மதுரைக் கடைக்காரர் மெஷின் வைத்திருக்கும் வங்கி. தரகர் அந்தச் சுவிட்ச். அப்பா பேசுகிறார் என்பதற்கு அடையாளம் அவர் குரல் என்றால், இங்கே உங்கள் கார்டில் உள்ள சிப்பும் நீங்கள் அழுத்தும் நாலு இலக்கப் பின் நம்பரும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: மெஷினில் இருப்பது உங்கள் பணம் அல்ல. உங்கள் வங்கியின் பேச்சை நம்பி இன்னொரு வங்கி தன் பணத்தைக் கொடுக்கிறது. கணக்கை அவர்கள் பிறகு தீர்த்துக்கொள்கிறார்கள்.

கடல் தாண்டினால் மாறுவது இரண்டே விஷயம்

பாங்காக்கில் ஒரு தாய்லாந்து வங்கியின் மெஷின் முன்னால் நிற்கிறீர்கள். மெஷினுக்குள் இருப்பது அந்த நாட்டு நாணயமான பாட் நோட்டு. 'என் ரூபாயை இந்த மெஷின் பாட்டாக மாற்றித் தருகிறது' என்று பலரும் நினைக்கிறார்கள். மெஷின் எதையும் மாற்றுவதில்லை. லீ பஜார் கணக்குப்படியே அந்த வங்கி தன் நோட்டைத் தருகிறது, அவ்வளவுதான். மாறுவது இரண்டு. தரகர் வேறு ஆள். கணக்குத் தீர்ப்பது வேறு நாணயத்தில்.

தரகர் யார் என்பது கார்டிலேயே அச்சாகியிருக்கும்: விசா, மாஸ்டர்கார்டு, ரூபே. இவர்களை நெட்வொர்க் என்பார்கள். எண் 4-ல் தொடங்கினால் விசா. 5-ல் தொடங்குவது பெரும்பாலும் மாஸ்டர்கார்டு, 6-ல் தொடங்குவது பெரும்பாலும் ரூபே. ஏடிஎம்முக்கு என்றே விசாவுக்குப் 'பிளஸ்' என்றும் மாஸ்டர்கார்டுக்குச் 'சிரஸ்' என்றும் தனிச் சின்னங்கள் உண்டு. மெஷினில் ஒட்டியிருக்கும் சின்னங்களில் ஒன்று உங்கள் கார்டிலும் இருந்தால்தான் இருவருக்கும் பொதுவான தரகர் இருக்கிறார் என்று அர்த்தம். இல்லையென்றால் மெஷின் கார்டைத் துப்பிவிடும். கார்டில் கோளாறு என்று பதற வேண்டியதில்லை, அடுத்த மெஷினைப் பார்க்க வேண்டியதுதான். ஜப்பானில் இது அடிக்கடி நடக்கும். உள்ளூர் வங்கிகளின் மெஷின்கள் பலவும் வெளிநாட்டுக் கார்டை ஏற்பதில்லை. செவன் இலெவன் கடைகளுக்குள் இருக்கும் செவன் பேங்க் மெஷினும் தபால் நிலையங்களில் இருக்கும் மெஷினும் ஏற்கும்.

கார்டைச் செருகி, பின் நம்பரை அழுத்தி, 10,000 பாட் என்று கேட்கிறீர்கள். பின் நம்பர் விசைப்பலகையிலேயே சங்கேதமாக மாறிவிடுகிறது, தாய்லாந்து வங்கிக்கு அது தெரிவதில்லை. கேள்வி அந்த வங்கியிலிருந்து நெட்வொர்க்குக்குப் போகிறது. நெட்வொர்க் கார்டு எண்ணின் முதல் சில இலக்கங்களைப் பார்த்து இது இந்தியாவில் இன்ன வங்கியின் கார்டு என்று கண்டுபிடித்து அங்கே அனுப்புகிறது. போவது சேலத்துக் கிளைக்கு அல்ல, உங்கள் வங்கியின் கணினி மையத்துக்கு. பின் நம்பர் சரியா, கணக்கில் பணம் இருக்கிறதா, வெளிநாட்டில் எடுக்க அனுமதி திறந்திருக்கிறதா, இன்றைய உச்சவரம்புக்குள் வருகிறதா என்று அங்கே பார்க்கிறார்கள். நாலுக்கும் 'சரி' என்றால் உங்கள் கணக்கில் அத்தனை ரூபாயைக் கழித்துவிட்டு 'கொடுக்கலாம்' என்ற பதில் வந்த வழியே திரும்புகிறது. எல்லாம் சில நொடிகளில். நோட்டை எண்ணும் கரகரப்பு கேட்கும்போதே வீட்டில் இருப்பவரின் போனில் எஸ்எம்எஸ் வந்திருக்கும்.

அதற்கப்புறம் நடப்பது நமக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. தாய்லாந்து வங்கிக்குச் சேர வேண்டியதை நெட்வொர்க் கணக்குப் போட்டுக் கொடுக்கிறது. நம் வங்கி அந்த நெட்வொர்க்குக்குப் பெரும்பாலும் டாலரில் கட்டுகிறது.

எந்த விலைக்கு பாட்?

ரூபாய்க்கும் பாட்டுக்கும் நடுவே வீதம் ஒன்று வேண்டுமே, அதை யார் வைக்கிறார்கள்? இயல்பாக நடந்தால் நெட்வொர்க் வைக்கிறது. விசா, மாஸ்டர்கார்டு இரண்டும் தினமும் தங்கள் வீதத்தை இணையத்தில் போடுகின்றன. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கூகுளில் தேடினால் வரும் வீதத்துக்கு அது வெகு அருகில் இருக்கும்.

கூகுள் வீதம் என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அது பெரிய வங்கிகள் தமக்குள் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் உள்ள புள்ளி. அந்த விலைக்கு உங்களுக்கும் எனக்கும் யாரும் தரமாட்டார்கள், சேலத்தில் பணம் மாற்றும் கடையிலும் சரி, விமான நிலையத்திலும் சரி. ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோல், அவ்வளவே. ஆனால் அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் நெட்வொர்க்கின் வீதம் மிக நல்ல வீதம். "ஏடிஎம்தான் மலிவு" என்று சொன்னவர் சொன்னதில் இருந்த உண்மை இதுதான். அவர் சொல்லாமல் விட்டது, வீதத்துக்கு மேல் வந்து உட்காரும் கட்டணங்களை.

யார் யார் எடுக்கிறார்கள்: ஒரு கணக்கு

கணக்குக்கு எளிதாக ஒரு பாட் இரண்டரை ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் போகிற நாளில் வேறாக இருக்கும், முறை ஒன்றுதான். 10,000 பாட் எடுத்தால் நியாயமாக 25,000 ரூபாய் ஆக வேண்டும்.

முதலில் மெஷின் வங்கி. தாய்லாந்தில் வெளிநாட்டுக் கார்டுக்குத் தடவைக்கு 220 பாட் என்பது பல வங்கிகள் நெடுநாளாக வாங்கும் கட்டணம். சில இன்னும் கூடுதலாகவும் வாங்கும். ஆக உங்கள் கணக்கில் விழுவது 10,220 பாட், அதாவது 25,550 ரூபாய். எல்லா நாட்டிலும் இப்படி இல்லை. பிரிட்டனில் வங்கிகளின் மெஷின்களில் பெரும்பாலும் இந்தக் கட்டணம் கிடையாது. அமெரிக்காவில் 3 டாலர், 5 டாலர் என்று இருக்கும்.

அடுத்து நம் வங்கி. இது இரண்டு வகையில் எடுக்கிறது. ஒன்று, எவ்வளவு எடுத்தாலும் தடவைக்கு இவ்வளவு என்ற நிலைக் கட்டணம். பல வங்கிகளில் 100 முதல் 150 ரூபாய். நாம் 125 என்று வைப்போம். மற்றொன்று, நாணயம் மாற்றியதற்காக நெட்வொர்க் வீதத்தின் மேல் ஏற்றும் சதவீதம். இதற்கு மார்க்அப் என்று பெயர். சாதாரண டெபிட் கார்டுகளில் 3.5 சதவீதம் வரை இருக்கும். 25,550-க்கு 3.5 சதவீதம் 894 ரூபாய்.

அப்புறம் வரி. வங்கி வாங்கிய 125-ம் 894-ம் சேர்ந்த 1,019 ரூபாய்க்கு 18 சதவீத ஜிஎஸ்டி, 183 ரூபாய்.

மொத்தம் 26,752 ரூபாய். கையில் வந்தது 25,000 ரூபாய் மதிப்புள்ள நோட்டு. 1,752 ரூபாய் போயிருக்கிறது, ஏறக்குறைய 7 சதவீதம்.

இதே பத்தாயிரத்தை, 'கையில் நிறைய வைத்துக்கொள்ள வேண்டாம், திருட்டுப் பயம்' என்று ஐந்து தடவையாக இரண்டிரண்டாயிரம் பாட் எடுத்தால்? ஒவ்வொரு தடவையும் 220 பாட், ஒவ்வொரு தடவையும் 125 ரூபாய். கூட்டிப் பார்த்தால் ஐந்து தடவைக்கும் சேர்த்து 4,600 ரூபாய்க்கு மேல் போகும். பதினெட்டரை சதவீதம்! மாறாக 20,000 பாட்டை ஒரே தடவையில் எடுத்தால் செலவு 2,785 ரூபாய், ஐந்தரை சதவீதத்தை ஒட்டி வரும். தொகையை இரட்டிப்பாக்கினாலும் நிலைக் கட்டணங்கள் அசைவதில்லை. நிதானமாக எடுக்கிறோம் என்று நினைத்து நாளுக்கு ஒரு தடவை மெஷினுக்குப் போகிறவர்தான் மெஷின்காரருக்குப் பிடித்த வாடிக்கையாளர்.

இன்னும் இரண்டு சில்லறைச் செலவுகள். வெளிநாட்டு மெஷினில் சும்மா 'பேலன்ஸ்' பார்த்தாலே பல வங்கிகள் 25 ரூபாய் பிடிக்கும். கணக்கில் போதிய பணம் இல்லாமல் மெஷின் மறுத்தாலும் அப்படியே. இருப்பைப் போனில் பார்த்துக்கொள்வதே மேல்.

சுருக்கமாக: மெஷின் வங்கி ஒரு நிலைத் தொகை, நம் வங்கி ஒரு நிலைத் தொகையும் ஒரு சதவீதமும், அந்த இரண்டின் மேல் வரி. நிலைத் தொகையைக் குறைக்க வழி, தடவைகளைக் குறைப்பது. சதவீதத்தைக் குறைக்க வழி, கார்டை மாற்றுவது. மார்க்அப் வாங்காத கார்டுகளும் சந்தையில் உண்டு. வருஷத்துக்கு ஒரு பயணமாவது போகிறவர் விசாரித்து வைக்கலாம். வாழ்நாளில் ஒரு தடவை சிங்கப்பூர் போகிறவர் அதற்காகப் புதுக் கணக்குத் தொடங்கி அலைவது, என்னைக் கேட்டால், தேவையில்லாத வேலை.

திரையில் வரும் அந்தக் கேள்வி

இனி, நாமே கொடுத்துவிட்டு வருகிற பணம்.

தொகையை அழுத்தியபின் மெஷின் ஒரு அறிவிப்பைக் காட்டும்: இந்தப் பரிவர்த்தனைக்கு 220 பாட் கட்டணம், சம்மதமா? இதற்கு 'ஆம்' என்றுதான் சொல்லியாக வேண்டும். 'இல்லை' என்றால் கார்டு வெளியே வந்துவிடும், பணம் கிடைக்காது.

உடனே இன்னொரு திரை வரலாம். எல்லா மெஷினிலும் வராது. விமான நிலையத்திலும் சுற்றுலாக் கூட்டம் நிற்கும் தெருக்களிலும் இருக்கும் மெஷின்களில் அதிகம் வரும். அதில் இரண்டு தொகைகள் இருக்கும். ஒரு பக்கம் தாய் பாட் 10,220. மறு பக்கம் இந்திய ரூபாய் 27,083. கீழே சின்ன எழுத்தில் ஒரு வீதமும், சில மெஷின்களில் 'மார்க்அப் 6 சதவீதம்' என்ற வரியும் இருக்கும். அதற்கும் கீழே இரண்டு பொத்தான்: 'அக்செப்ட் கன்வெர்ஷன்', 'டிக்லைன் கன்வெர்ஷன்'. சில மெஷின்களில் 'வித் கன்வெர்ஷன்', 'வித்தவுட் கன்வெர்ஷன்' என்று இருக்கும்.

இதற்கு டைனமிக் கரன்சி கன்வெர்ஷன் என்று பெயர். நாணய மாற்றத்தை நெட்வொர்க்கிடம் விடாமல் மெஷின்காரரே தன் வீதத்தில் செய்து, நம் கணக்கில் நேரடியாக ரூபாயில் எழுதுவது. 'உங்கள் நாட்டுப் பணத்திலேயே எவ்வளவு என்று இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்' என்று வசதி மாதிரி காட்டுவார்கள். வசதிக்கான விலை வீதத்துக்குள் ஒளிந்திருக்கிறது. நம் கணக்கில் ஒரு பாட் இரண்டரை ரூபாய். 27,083-ஐ 10,220-ஆல் வகுத்துப் பாருங்கள், 2 ரூபாய் 65 காசு வரும். பாட்டுக்குப் பதினைந்து காசு மெஷின்காரருக்கு. மொத்தத்தில் 1,533 ரூபாய்.

"சரி, ரூபாயில் எடுத்தால் நம் வங்கியின் மார்க்அப் மிச்சமாகுமே" என்று ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்வி. நம் உதாரணத்தில் மார்க்அப்பும் அதன் வரியும் சேர்ந்து 1,055 ரூபாய். அது மிச்சம் என்றே வைத்துக்கொண்டாலும் 1,533 கொடுத்து 1,055-ஐ மிச்சம் பிடித்திருக்கிறோம். அதோடு, ரூபாயில் வந்தாலும் வெளிநாட்டில் நடந்த பரிவர்த்தனை என்று அதற்கும் ஒரு சதவீதம் போடும் வங்கிகள் இருக்கின்றன. நிலைக் கட்டணமும் வழக்கம்போல் உண்டு. மார்க்அப் இல்லாத கார்டு வைத்திருப்பவர் 'அக்செப்ட்' அழுத்தினால் கார்டு வாங்கிய நோக்கமே போச்சு.

ஆகவே பதில் எப்போதும் ஒன்றுதான்: 'டிக்லைன் கன்வெர்ஷன்', அல்லது 'வித்தவுட் கன்வெர்ஷன்'. போயிருக்கும் நாட்டின் நாணயத்திலேயே கணக்கு எழுதப்பட வேண்டும்.

இவ்வளவு எளிது என்றால் ஏன் இத்தனை பேர் மாட்டுகிறார்கள்? முந்தின திரையை நினைத்துப் பாருங்கள். அங்கே 'இல்லை' என்றால் பணம் கிடையாது. அதே பழக்கத்தில், அடுத்த திரையிலும் 'டிக்லைன்' என்றால் எல்லாமே ரத்தாகிவிடும் என்று கை தானாக 'அக்செப்ட்' பக்கம் போகிறது. பின்னால் வரிசை நிற்கிறது, பிள்ளை கையை இழுக்கிறது, திரையில் நொடி குறைந்துகொண்டே வருகிறது. அடுத்தடுத்து வரும் இரண்டு கேள்வி பார்க்க ஒரே மாதிரி இருக்கும், வேலை நேர் எதிர். முதலாவதில் மறுத்தால் பணம் வராது. இரண்டாவதில் மறுத்தால் மாற்றம் மட்டும்தான் ரத்து, பணம் வரும். இதைத் தெரியாமல் நடந்த வடிவமைப்பு என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. நல்ல வேளையாக, வாடிக்கையாளருக்குத் தேர்வு கொடுத்தே ஆக வேண்டும் என்பது விசா, மாஸ்டர்கார்டு இரண்டின் விதி.

கடைகளில் கார்டு தேய்க்கும்போதும் இதே கேள்வி வரும். கடைக்காரர் மெஷினை நீட்டி "ருப்பீஸ்? பாட்?" என்பார். "பாட்" என்று சொல்லுங்கள். சிலர் நம்மைக் கேட்காமலே ரூபாயை அழுத்திவிடுவார்கள். சிலிப்பில் ரூபாய்த் தொகை வந்திருந்தால் அங்கேயே ரத்து செய்து மறுபடி போடச் சொல்லலாம்.

கிளம்புவதற்கு முன் வீட்டிலேயே செய்ய வேண்டியது

2020 ஜனவரியில் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. அதன்படி புதிதாகக் கொடுக்கும் கார்டுகள் இந்தியாவுக்குள் ஏடிஎம்மிலும் கடை மெஷினிலும் மட்டுமே வேலை செய்யும். வெளிநாட்டுப் பயன்பாட்டைக் கார்டுக்காரரே திறந்துகொள்ள வேண்டும். பாங்காக்கில் போய் "கார்டு வேலை செய்யல" என்று திகைப்பவர்களில் பலருக்குக் காரணம் இதுதான். வங்கியின் செயலியில் கார்டு பகுதிக்குள் போனால் 'இன்டர்நேஷனல்' என்று ஒரு பகுதி இருக்கும். அதற்குள் ஏடிஎம், கடை, ஆன்லைன் என்று தனித்தனி சுவிட்ச். கடைக்கு மட்டும் திறந்துவிட்டு ஏடிஎம்மை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. கூடவே தினசரி உச்சவரம்பையும் பாருங்கள், பழைய அமைப்பில் மிகச் சின்னத் தொகை கிடக்கலாம். இதைச் சேலத்தில் வீட்டு வைஃபையில் உட்கார்ந்து செய்துவிட வேண்டும். அங்கே போய்ச் செய்யலாம் என்றால் ஓடிபி நம் ஊர் சிம்முக்கு வரும், சிம்மில் ரோமிங் இல்லையென்றால் வராது. ஏற்காட்டில் சில வளைவுகளில் சிக்னல் போவது மாதிரி பத்து நிமிஷத்தில் திரும்பி வந்துவிடும் விஷயம் இல்லை அது.

ரூபே கார்டு வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரூபேயில் உள்நாட்டுக்கு மட்டுமான வகைகள் நிறைய. ஜன்தன் கணக்கோடு கொடுத்தவை அப்படிப்பட்டவை. வெளிநாட்டில் செல்லும் ரூபே கார்டு, டிஸ்கவர், டைனர்ஸ் கிளப், ஜேசிபி போன்ற அங்குள்ள நெட்வொர்க்குகளின் துணையோடு வேலை செய்கிறது. அந்தச் சின்னம் எதுவும் கார்டில் இல்லையென்றால் வங்கியில் கேட்டுவிடுவது நல்லது.

கிரெடிட் கார்டை ஏடிஎம்மில் போடாதீர்கள். கடையில் தேய்த்தால் கிடைக்கும் வட்டியில்லாத நாட்கள் ரொக்கத்துக்குக் கிடையாது. எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும், ரொக்கம் எடுத்ததற்கென்று தனிக் கட்டணமும் உண்டு, மார்க்அப் அதற்கு மேல்.

ஃபாரெக்ஸ் கார்டு என்பது முன்கூட்டியே டாலரோ பாட்டோ ஏற்றி வைக்கும் கார்டு. ஏற்றும் நாளின் வீதம் உறுதியாகிவிடும், அதுதான் அதன் பலம். ஆனால் டாலர் ஏற்றிய கார்டில் பாட் எடுத்தால் அங்கே இன்னொரு மாற்றம், இன்னொரு மார்க்அப். ஏடிஎம்மில் எடுக்கத் தடவைக் கட்டணமும் பெரும்பாலும் இருக்கும். அமெரிக்காவில் மகள் வீட்டில் மூன்று மாதம் தங்கப் போகிற பெற்றோருக்கு இது சரி. ஐந்து நாள் பட்டாயாவுக்கு எனக்கு அவசியமாகத் தெரியவில்லை.

கையில் நோட்டாகவும் கொஞ்சம் கொண்டுபோவதுதான் புத்திசாலித்தனம். முதல் டாக்சிக்கும் முதல் சாப்பாட்டுக்கும் ஆகும் அளவு. பெரும்பாலான நாடுகளுக்கு, ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் மதிப்பு வரை வெளிநாட்டு நோட்டாக வாங்கலாம். அனுமதி பெற்ற கடையில் 25,000 ரூபாய் வரை மாற்றினால் ஜிஎஸ்டி 45 ரூபாய்தான். அதற்கு மேல் அந்தக் கடையின் லாபம் வீதத்துக்குள் இருக்கும். இரண்டு கடையில் விசாரித்தால் தெரிந்துவிடும். விமான நிலையத்துக்குள் மாற்றுவதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டப்படியான எல்லையையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம். டெபிட் கார்டில் வெளிநாட்டில் எடுப்பது, ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளியே அனுப்பலாம் என்ற திட்டத்தின் கணக்கில் சேரும். அந்தக் கணக்கில் ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் மூலத்தில் வரி வசூல் என்ற பேச்சே வரும். சுற்றுலாப் பயணிக்கு இது எட்டாத உயரம், இதை நினைத்து யாரும் தூக்கம் கெட வேண்டாம்.

கணக்கில் கழிந்தது, மெஷினில் பணம் வரவில்லை

அபூர்வம்தான், ஆனால் நடக்கும். உங்கள் வங்கி 'கொடுக்கலாம்' என்று சொல்லி ரூபாயைக் கழித்துவிட்டது. பதில் திரும்பும் வழியில் இணைப்பு அறுந்தது, அல்லது நோட்டு சிக்கிக்கொண்டது. இந்தியாவுக்குள் இப்படி ஆனால் 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 100 ரூபாய் வங்கி கொடுக்க வேண்டும் என்று 2019-ல் ரிசர்வ் வங்கி விதி போட்டது. இதைக் கேள்விப்பட்டவர்கள் வெளிநாட்டுக்கும் பொருந்தும் என்று நினைத்துவிடுகிறார்கள். அந்த விதி இரு முனையும் இந்தியாவுக்குள் இருக்கும் பரிவர்த்தனைக்கு மட்டும்.

வெளிநாட்டில் என்றால் பணம் தானாக வருமென்று காத்திருக்காமல் புகார் கொடுத்துவிட வேண்டும். புகார் போக வேண்டிய இடம் தாய்லாந்து வங்கி அல்ல, உங்கள் வங்கி. அவர்கள் நெட்வொர்க் வழியாக மெஷின் வங்கியிடம் கணக்குக் கேட்பார்கள். அன்று மெஷினில் நிரப்பிய நோட்டுக்கும் வெளியே போன நோட்டுக்கும் கணக்கு இடித்தால் உங்கள் பக்கம் நியாயம் தெரிந்துவிடும். பணம் திரும்பி வரச் சில வாரங்கள் கூட ஆகலாம். இப்படிப் பணத்தைத் திரும்பக் கேட்கும் முறைக்குச் சார்ஜ்பேக் என்று பெயர்.

அங்கே நிற்கும்போதே சிலிப் வந்தால் பத்திரப்படுத்துங்கள். வராவிட்டால் மெஷினில் ஒட்டியிருக்கும் எண்ணையும் திரையில் வந்த செய்தியையும் போனில் படம் எடுங்கள். வங்கிக் கிளையை ஒட்டியிருக்கும் மெஷினில், கிளை திறந்திருக்கும் நேரத்தில் எடுப்பதில் ஒரு லாபம் உண்டு. மெஷின் கார்டை விழுங்கிவிட்டாலும் உள்ளே போய் ஓர் ஆளிடம் பேசலாம். நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். தாய்லாந்து நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. சிலிப்பில் இரவு 8.10 என்றிருப்பது உங்கள் எஸ்எம்எஸ்ஸில் 6.40 என்று இருக்கும். புகாரில் இரண்டையும் எழுதிவிட்டால் 'அந்த நேரத்தில் அப்படி ஒரு பரிவர்த்தனை இல்லையே' என்ற பதிலுக்கு இடம் இருக்காது. புகார் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 30 நாளுக்குள் உங்கள் வங்கி பதில் சொல்லவில்லை என்றாலோ, சொன்ன பதில் சரியில்லை என்றாலோ, அந்த எண்ணோடு ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மனிடம், அதாவது வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளரிடம், போகலாம். அதற்குக் கட்டணம் எதுவும் கிடையாது.